தாமதத்துக்கான காரணம்

டிசம்பர் பிறந்தாலே எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்து உட்கார்ந்துகொள்ளும். "ஒங்க ஆத்தாளுக்கு ஆண்டறிக்கை வந்துருச்சு, எல்லாரும் தள்ளியே இருங்க" என்று என் வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். போடிநாயக்கனூரில் ஒரு காவல் நிலையத்தில் நான் ரைட்டராக இருந்தேன். போடியில் நிலையங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு, எது என்று சொல்வதாக இல்லை. ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவள் என்று என் நாத்தனார் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் முழுக்கத் தப்பில்லை, போங்கள். புகார் வாங்குவது, வழக்குப் பதிவது, கோர்ட்டுக்குக் காகிதம் அனுப்புவது, வருடக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து ஆண்டறிக்கை தயாரிப்பது, இவ்வளவும் ரைட்டர் சோலி. ஊரில் எல்லாரும் ஏட்டம்மா என்பார்கள்.

ஆண்டறிக்கை என்பது கட்டம் கட்டமாகப் போட்ட பெரிய தாள். கொலை, கொள்ளை, வீடு புகுந்து திருட்டு, வண்டித் திருட்டு, சாலை விபத்து, கஞ்சா, லாட்டரி, காணாமல் போனோர் என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் போன வருடம் எத்தனை, இந்த வருடம் எத்தனை, கண்டுபிடித்தது எத்தனை, நிலுவை எத்தனை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கஞ்சா வழக்கு கூடினால் நாங்கள் சுறுசுறுப்பாக வேலை பார்த்தோம் என்று அர்த்தம். திருட்டு வழக்கு கூடினால் நாங்கள் தூங்கினோம் என்று அர்த்தம். ஆகையால் கஞ்சாவைக் கூட்ட வேண்டும், திருட்டைக் குறைக்க வேண்டும். திருடனைக் குறைக்க எங்களால் ஆகாது, திருட்டைக் குறைக்கலாம். மலையில் பச்சை ஏலக்காயைச் சரம் சரமாக அறுத்துக்கொண்டு போய்விட்டான் என்று ஒருவர் வந்து நின்றால், "தோட்டம் கேரளா பக்கமா, நம்ம பக்கமாண்ணே?" என்று முதலில் கேட்போம். அவர் தலையைச் சொறிகிற நேரத்திலேயே ஒரு வழக்கு குறைந்துவிடும்.

மனுக்களுக்கும் ஒரு கட்டம் உண்டு. மொட்டைக் கடுதாசிக்கு மட்டும் கட்டம் கிடையாது. பேர் போடாமல், ஊர் போடாமல், "இன்னார் வீட்டுக் கொல்லையில் இது நடக்கிறது, ஐயா கவனிக்கவும்" என்று வாரத்துக்கு ஒன்று வரும். என் மேஜைக்கு ஒரு கால் குட்டை. அந்தக் கடுதாசிகளை நாலாக மடித்து அதற்கு அண்டக் கொடுத்திருந்தேன். மேஜை ஆடாமல் நின்றது. அந்தக் காகிதங்களால் நிலையத்துக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அதுதான்.

இனி ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சட்டப் புத்தகத்தில் இல்லாத, ஆனால் சட்டத்தைவிடக் கெட்டியான வழக்கம். ஜனவரி பிறந்ததும் வழக்கு எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அந்த ஒன்றாம் எண் நல்ல வழக்காக இருக்க வேண்டும். நல்ல வழக்கு என்றால் ஆளும் கையில் இருக்க வேண்டும், குற்றத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும், தண்டனையிலும் முடிய வேண்டும், யார் கண்ணிலும் தண்ணீர் வரக்கூடாது. எப்போதோ ஒரு வருடம் முதல் வழக்கே கொலையாகிப் போய், அந்த வருடம் முழுக்கப் பிணமாகவே தூக்கினார்களாம். அதிலிருந்து புதுக் கணக்குக்குப் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி ஒன்றாம் எண்ணைப் பார்த்துப் பார்த்துப் போடுவார்கள். அதேபோல் டிசம்பர் கடைசி வாரத்தில் முடியாத வழக்கு எதையும் திறப்பதில்லை. வருகிற புகாரை வாங்கி வைத்துக்கொண்டு, "புது வருசத்துல பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிடுவோம். நானே எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன். இது தப்பு என்று எனக்குத் தோன்றியதேயில்லை. பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அதுவும் ஒரு வேலை என்றிருந்தேன்.

எங்களுக்கு ஒன்றாம் எண்ணுக்கு ஆள் தேடுகிற கவலையே இருந்ததில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கேரளா லாட்டரிச் சீட்டு விற்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். மலை ஏறினால் அது அரசாங்க வியாபாரம், மலை இறங்கினால் குற்றம். அவர் ஜனவரி முதல் தேதி காலையில் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, பத்துச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு தானே நிலையத்துக்கு வந்துவிடுவார். "ஏட்டம்மா, நான் வந்துட்டேன், வெரசா எழுதுங்க. பேத்தியக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்பார். எழுதுவோம். டீ வாங்கிக் கொடுப்போம். ஜாமீனில் அனுப்புவோம். கோர்ட்டில் போய்க் குற்றத்தை ஒத்துக்கொள்வார். அப்படி ஒரு தங்கமான குற்றவாளி.

நான் சொல்ல வந்த வருடத்தில் அவர் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார். கறுப்பு வேட்டியும் தாடியுமாக நிலைய வாசலில் நின்றுகொண்டு, "சாமி சரணம். கோவிச்சுக்காதீங்க தாயி. மால போட்ட பெறகு சீட்டையும் தொடுறதில்ல. செய்யாதத செஞ்சேன்னு கையெழுத்துப் போட்டா பொய்யாகிப் போகும்ல?" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டருக்கு முகம் செத்துவிட்டது. புதிதாக மாற்றலாகி வந்த மனிதர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். அந்த வாரம் முழுக்க நிலையத்தில் ஒரே பேச்சு, ஒன்றாம் எண்ணுக்கு யாரைப் பிடிப்பது என்பதுதான்.

அந்த வாரத்துத் திங்கட்கிழமை காலையில்தான் அவள் வந்தாள். டிசம்பர் கடைசி. பத்துமணிகூட ஆகவில்லை, நான் நெற்றியில் குங்குமம் காயாமல் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். நாற்பது வயது இருக்கலாம். பக்கத்து ஊரான சிலமலைக்காரி. போடியில் ஏலக்காய் குடோன் ஒன்றில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை. அவள் வந்து நின்றதும் மேஜையெல்லாம் ஏலக்காய் மணந்தது. கையில் சாப்பாட்டுத் தூக்கு வைத்த பை.

"எங்க வீட்டுக்காரரக் காணோம்மா" என்றாள்.

நாங்கள் கேட்கிற கேள்விகள் எப்போதும் ஒன்றுதான். குடிப்பாரா என்றேன், இல்லை என்றாள். வீட்டில் சண்டையா என்றேன், இல்லை என்றாள். வெளியே வேறு தொடுப்பு உண்டா என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அதெல்லாம் இல்லம்மா. அவரு வர்ற பாதையில என்னமோ ஆயிருச்சு. அதத்தான் சொல்ல வந்தேன்" என்றாள்.

அவள் புருஷன் மலைமேல் ஒரு தோட்டத்தில் காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பார்த்தான். சனிக்கிழமை தோறும் ஜீப்பில் இறங்கி வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை விடிய ஏறிவிடுவான். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் போன் பண்ணியிருக்கிறான். "ஜீப்புல பூரா லோடு, உக்கார எடமில்ல. குறுக்குப் பாதையில நடந்தே எறங்கிர்றேன். பாப்பாவுக்கு ஆரஞ்சு வச்சிருக்கேன், பொழுது சாய வந்துருவேன்" என்று சொன்னவன் வரவில்லை. அப்புறம் போன் போகவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே ஜீப் ஏறித் தோட்டத்துக்குப் போய் விசாரித்தாள். சனிக்கிழமையே இறங்கிவிட்டான் என்றார்கள். புருஷனுடைய அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். "ஊருக்குள்ள சொல்லித் தொலைக்காத, அசிங்கம். எங்கயாச்சும் போயிருப்பான், வந்துருவான்" என்று அவர் அடக்கிவிட்டார். மகள் அரையாண்டு லீவுக்குத் தேவாரத்தில் தாய்மாமன் வீட்டில் இருந்தாள். அந்தப் பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று அவளிடமும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல், வேலைக்குப் போகிறவள் மாதிரி தூக்குப் பையோடு கிளம்பி நிலையத்துக்கு வந்திருந்தாள்.

புகாரை அவளே எழுதினாள். எட்டாம் வகுப்புப் படித்தவளாம், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. எந்தப் பாதை, எத்தனை மணி, என்ன சட்டை, எல்லாம் எழுதியிருந்தாள். இருபது வருடத்தில் இவ்வளவு தெளிவான புகாரை நான் வாங்கியதில்லை. அதை வாங்கிப் படித்து, "சரிம்மா, பாக்குறோம். புது வருசம் பொறக்கட்டும்" என்று சொல்லி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினேன். ரசீதுகூடக் கொடுக்கவில்லை. கொடுத்தால் நிலுவை மனு என்று ஒரு கட்டத்தில் ஏறும். நிலுவை மனு இல்லை என்று நான் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமையும் வந்தாள். அன்று விடிகாலையில் அவளே தனியாகப் பாதையின் அடிவாரத்துக்குப் போயிருக்கிறாள். காட்டிலாகா காவலாளி விடவில்லை. "மேல ஆன நடமாட்டம் இருக்குத்தா, தனியா ஆரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு. போலீஸ்ல கேஸ் போட்ட சீட்டக் கொண்டா, நாங்களே நாலு பேரு கூட வர்றோம்" என்றிருக்கிறார். நல்ல மனுஷன், நியாயமாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்தச் சீட்டைக் கொடுக்க வேண்டியவள் நான். அவள் வந்து, "ஏட்டம்மா, அந்தச் சீட்டு மட்டும் குடுத்தாப் போதும், நானே பாத்துக்குறேன்" என்றாள். நான் அந்த நேரத்தில் வண்டித் திருட்டுக் கட்டத்தில் இருந்தேன், கூட்டல் உதைத்துக்கொண்டிருந்தது. "ஒனக்கு ஒருதரம் சொன்னாப் புரியாதா? ரெண்டு நாளு பொறு" என்று எரிந்து விழுந்தேன். காட்டிலாகாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போனும் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

புதன்கிழமையும் வந்தாள். வாசலுக்கு எதிரே இருந்த பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேயிருந்தாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. எழுந்து இன்ஸ்பெக்டரிடம் போனேன். "ஐயா, அந்தக் காணாமப் போன கேஸப் போட்டுருவமா? பொம்பள மூணு நாளா உக்காந்திருக்கு."

"ஏட்டம்மா, வெளையாடுறீங்களா? இன்னைக்குப் போட்டா வருசக் கடைசியில நிலுவை. நாளைக்குப் போட்டா ஒன்னாம் நம்பரு. தொடக்கமே தொலஞ்சு போறதா? வருசம் பூராத் தேடிக்கிட்டே இருக்கணும்" என்றார். "ஆம்பளதான? குடிச்சிட்டு எங்கயாச்சும் கெடப்பான், தெளிஞ்சா வருவான்."

குடிக்க மாட்டானாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஊரில் எல்லாரிடமும் வாய் நீளுகிற எனக்கு அந்த அறைக்குள் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருதரம் கேட்டேன், திரும்பி வந்துவிட்டேன். கேட்டாயிற்று என்று மனசுக்கும் ஒரு சமாதானம்.

வியாழக்கிழமை புது வருடம். கோயில் வாசல், பஸ் ஸ்டாண்டு, சாமிமார் வண்டி போகிற ரோடு என்று எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள். ஒன்றாம் எண் காலியாகவே கிடந்தது. வெள்ளிக்கிழமை காலையில்தான் தேவாரம் ரோட்டில் சேவல் சண்டை விட்ட இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. வழக்கு எண் ஒன்று. ஆள் இரண்டு, வழக்குச் சொத்தாகச் சேவல் இரண்டு. சேவல்களைக் கட்ட வேறு இடம் இல்லாமல், அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக் காலில் கட்டினார்கள். அவை கூவித் தீர்த்தன. அவள் காலை ஒடுக்கி மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அவளைக் கூப்பிட்டேன். "வாம்மா, ஒன் கேஸப் போட்டுரலாம். மறுபடி ஒருதரம் எழுதிக் குடு. இன்னைக்குத் தேதி போடு."

"நான் திங்கக்கெழம வந்தேன்லம்மா?"

"அதுனால என்ன? இன்னைக்குத் தேதி போட்டாத்தான் வெரசா நகரும்" என்றேன். அது பொய். அவள் நம்பி எழுதினாள். பழைய புகாரைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்து, அவள் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன். அதுவும் வழக்கம்தான். ஒரே வழக்குக்கு இரண்டு தேதி இருக்கக் கூடாது.

எஃப்.ஐ.ஆரில் ஒரு கட்டம் உண்டு. புகார் கொடுப்பதில் ஏற்பட்ட தாமதத்துக்கான காரணம். ஆள் தொலைந்தது சனிக்கிழமை, புகார் வந்தது வெள்ளிக்கிழமை என்றால் நடுவில் இருக்கிற நாட்களுக்குக் கோர்ட்டில் கேள்வி வரும். அதற்கு எங்கள் எல்லாரிடமும் ஒரு மனப்பாட வாக்கியம் இருக்கிறது. "புகார்தாரர் தனது உறவினர் வீடுகளிலும் தெரிந்த இடங்களிலும் தேடிப் பார்த்துவிட்டு, தாமதமாக நிலையத்தில் ஆஜராகிப் புகார் அளித்தார்." யார் வந்தாலும் இதுதான். என் விரல்களுக்குப் பாடமாகிவிட்ட வரி. திரையைக்கூடப் பார்க்காமல் அடித்தேன்.

சனிக்கிழமை காலையில் காட்டிலாகா ஆட்களும் எங்கள் ஆட்கள் இரண்டு பேரும் பாதையில் ஏறினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவு பக்கத்தில் இருந்தான். ஒரு வளைவில் கால் சறுக்கி, கீழே ஓடைப் பள்ளத்தில் விழுந்திருக்கிறான். மேலே இருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். கால் முறிந்திருந்தது. தோள் துண்டால் குச்சி வைத்து அவனே கட்டியிருந்தான். பக்கத்தில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது. மகளுக்கு வைத்திருந்த ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றிருக்கிறான். இரண்டு மட்டும் உரிக்காமல் பையில் இருந்தன.

பிரேத விசாரணைக் காகிதங்களை நான்தான் தயார் செய்தேன். ஆஸ்பத்திரி டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "விழுந்ததுல சாகல ஏட்டம்மா. புதன், ஏன், வியாழன் வரைக்கும்கூட உசுரு இருந்திருக்கும். கொஞ்சம் முன்னாடி யாராச்சும் போயிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். வராந்தாவில் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புதன்கிழமை அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவன் அங்கே காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். அடிப் பாவி, அடிப் பாவி என்று என்னையே நான் திட்டிக்கொண்டேன். திட்டி என்ன செய்ய?

ஜனவரியில் மேலதிகாரிகள் கூட்டத்தில் எங்கள் ஆண்டறிக்கையைப் பார்த்தார்கள். குற்றங்கள் குறைந்திருக்கின்றன, காணாமல் போனோர் நிலுவை இல்லை என்று பாராட்டினார்கள். இன்ஸ்பெக்டர் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் அவள் மறுபடி வந்தாள். வெள்ளைச் சேலை. கையில் எஃப்.ஐ.ஆர் நகல். புருஷனுடைய அண்ணன் மருமகன் படித்தவன். கருமாதிப் பந்தலில், சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது அந்த நகலை உரக்கப் படித்திருக்கிறான். தாமதமாக ஆஜராகி என்ற வரி வந்ததும் கூட்டம் குசுகுசுத்திருக்கிறது. புருஷன் காணாமல் போய் ஆறு நாள் சும்மா இருந்தாளா? தினமும் தூக்குப் பையோடு காய் பொறுக்கப் போனாளே! குடோனில் விசாரித்தால் அந்த வாரம் வேலைக்கே வரவில்லை என்றார்களாம். அப்படியானால் தினமும் எங்கே போனாள் என்று அதற்கு வேறு கதை. வந்துருவான் என்று அவளை அடக்கிவைத்த அண்ணனும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பழி அவர் தலையில் விழும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

"இந்த வரிய யாரு சொன்னது ஏட்டம்மா? நான் சொல்லலயே" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

"அது... வழக்கமா எல்லாத்துலயும் எழுதுறதும்மா."

"அப்ப மாத்திக் குடுங்க."

"மாத்த முடியாதும்மா. கம்ப்யூட்டர்ல ஏறியாச்சு. கோர்ட்டுக்கும் போயாச்சு."

அவள் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "ஊரு என்னத்தையும் பேசிட்டுப் போகட்டும்மா. எம்மக எங்கூடப் பேச மாட்டேங்குறா. நீ அன்னைக்கே போயிச் சொல்லியிருந்தா அப்பா இருந்திருப்பாருல்லன்னு ஒரே ஒரு வாட்டி கேட்டா. அதுக்கப்புறம் வாயே தொறக்கல. நான் சொன்னா நம்பல. நீங்க எதாச்சும் செய்யுங்க" என்றாள்.

நான் இன்ஸ்பெக்டரிடம் போனேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். "அந்த வரி பொய்யின்னு சொன்னா, அவ திங்கக்கெழமயே வந்தான்னு ஆகும். அப்ப நாலு நாளு நம்ம என்ன பண்ணோம்னு மேல கேப்பாங்க. ஒங்க தலையும் உருளும், ஏந்தலையும் உருளும்" என்றார். நிலையத்துக் கேமராப் பதிவும் அதற்குள் அழிந்துபோயிருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ரிட்டையர்டாக ரெண்டு வருசம் இருக்கு. பேசாம இரு" என்றார். எல்லாரும் எனக்கு நல்லதுதான் சொன்னார்கள்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸில் சிலமலைக்குப் போனேன். அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பு. கூடத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பன் படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் இரண்டு ஆரஞ்சு சுருங்கிப் போய்க் கிடந்தன. அந்த இரண்டுதான். பார்த்ததும் நான் என்ன பேச வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

எப்படியோ சொன்னேன். "பாப்பா, ஒங்கம்மா மேல தப்பில்ல. திங்கக்கெழமயே வந்து எழுதிக் குடுத்துச்சு. நாந்தான் வாங்கி வச்சுக்கிட்டேன். அந்த வரிய எழுதுனதும் நாந்தான். அது பொய்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "அம்மா ஒங்களக் கூட்டியாந்துச்சா?"

"இல்லத்தா, நானாத்தான் வந்தேன்."

"பேப்பர்ல எழுதுனது பொய்யின்னு சொல்றீங்க. அப்ப இப்ப வாயில சொல்றது மட்டும் எப்பிடி நெசம்?"

இருபது வருடமாக நானே எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி அது. எழுதிக் கொடுத்ததுதான் செல்லும், வாயால் சொல்வது செல்லாது என்று நிலையத்துக்கு வருகிறவர்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் நான்.

அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள். "அப்ப இத எழுதிக் குடுங்க. ஒங்க பேரப் போட்டு, கையெழுத்தும் போட்டுக் குடுங்க. நான் நம்புறேன்."

பேனாவை எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். தாளின் மேலே ஊர் பேரையும் எழுதினேன். அடுத்து என் பேரை எழுத வேண்டும். விசாரணை, சஸ்பெண்டு, பென்ஷன், கல்யாணத்துக்கு நிற்கிற என் மகள் என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பேனா நகரவில்லை. "ஸ்டேஷன்ல ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று இழுத்தேன்.

அந்தப் பெண் தாளை எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்த அவள் அம்மா அப்போதுதான் பேசினாள். "விடு பாப்பா. ஏட்டம்மாவுக்கு என்ன கஷ்டமோ." என்னைப் பார்த்து, "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்கம்மா" என்றாள். அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். அந்தக் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த வருட ஆண்டறிக்கையில் அந்த வழக்கு எங்கே ஏறியது தெரியுமா? காணாமல் போனோர், பதிவான மறுநாளே கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கட்டத்தில் அதைவிட வேகமான வழக்கு வேறு இல்லை. என் கையால்தான் எழுதினேன்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பென்ஷன் வருகிறது. என் மகளுக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. போன மாதம் ஒரு சாயங்காலம் பேரனுக்கு ரயில் காட்டப் போடி ஸ்டேஷனுக்குப் போனேன். மதுரை ரயில் கிளம்ப நின்றது. ஜன்னலோரம் அந்தப் பெண். கல்லூரியில் படிக்கிறாள் போல. வெளியே அவள் அம்மா ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். பெண் செல்போனைப் பார்த்தபடியே கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள். ரயில் நகர்ந்தது. அம்மாக்காரி கூடவே பத்தடி நடந்தாள். மகள் தலையைத் திருப்பவில்லை. நான் பேரனைத் தூக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

இதை எழுத உட்கார்ந்த பிறகும் பார்க்கிறேன், இதில் அவள் பேர் இல்லை, அந்தப் பெண் பேர் இல்லை, நிலையத்தின் பேர் இல்லை, என் பேரும் இல்லை. இத்தனை பக்கம் எழுதியும் கடைசியில் ஒரு மொட்டைக் கடுதாசிதான் எழுதியிருக்கிறேன். அதை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எந்த மேஜைக்காவது குட்டைக் கால் இருக்கும். தாமதத்துக்கு அவள் காரணமில்லை. அவள் திங்கட்கிழமை காலையிலேயே வந்துவிட்டாள்.